பதில்: கேன் தண்ணி ருசி வேறயா, இல்ல என் பிரமையா?
மெட்ரோ தண்ணி (சென்னையில குழாய்ல வர்ற தண்ணி) மருந்து வாடை அடிக்குது, கேன் தண்ணி ருசி வேற மாதிரி இருக்குன்னு கேட்டிருந்தீங்க. பிரமை இல்லங்க, நெஜமாவே ருசி வேறதான். கேன் தண்ணி பெரும்பாலும் ஆர்.ஓ. ஃபில்டர்ல உப்ப நெறைய எடுத்துட்டு வர்றது, அதான் சப்புன்னு லேசா இனிக்கிற மாதிரி தெரியுது.

மெட்ரோ தண்ணியில நீங்க சொல்ற அந்த மருந்து வாடை பெரும்பாலும் கிருமியக் கொல்லப் போடுற குளோரின். பைப்புல வர்ற வழியில கிருமி சேராம இருக்க அது கொஞ்சம் மிச்சம் இருந்தே ஆகணும், அதனால வாடை வந்தா கெட்ட தண்ணின்னு அர்த்தம் இல்ல.

இப்படி பண்ணிப் பாருங்க:

1. மெட்ரோ தண்ணிய சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டி) போறதுக்கு முன்னாடியே நேரா பைப்புல பிடிச்சு, அகலமான பாத்திரத்துல திறந்து வைங்க, ராத்திரி முழுக்க.

2. காலையில வாடை இருக்கான்னு மோந்து பாத்துட்டு, அத காய்ச்சி ஆற வைங்க. அப்புறம் கேன் தண்ணியோட சேர்த்து ருசி பாருங்க: ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுல இருக்கணும் (ஜில்லுன்னு இருந்தா எதுவும் நல்லாத்தான் இருக்கும்), வேற யாராவது ஊத்திக் குடுக்கட்டும், எது எதுன்னு சொல்லக்கூடாது.

வாடை போயிருந்தா பெரும்பாலும் குளோரின்தான். மேல் டேங்க் தண்ணி மட்டும் உப்பு கரிச்சா அபார்ட்மென்ட்ல போர் தண்ணி கலக்குறாங்களா இருக்கும், செக்ரட்டரிய கேளுங்க.

ஒண்ணு மட்டும், டிடிஎஸ் மீட்டர (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு அளவ காட்டுற கருவி) நம்பி முடிவு பண்ணாதீங்க. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஓகேன்னு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) சொல்லுது, ஆனா மீட்டர் உப்பத்தான் காட்டும், கிருமிய காட்டாது. திறந்து வச்ச தண்ணிய காய்ச்சிட்டே குடிங்க.