ரோல்பேக் செய்தால் ஃபைல் திரும்பி வருமா?

வணக்கம் சார்,

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைத்து ஓட்டும் புரோகிராம்) எழுதியிருக்கிறேன். வந்து விழும் சிஎஸ்வி ஃபைலை பல்க் இன்சர்ட் (மொத்தமாக ஏற்றும் கட்டளை) மூலம் டேபிளில் ஏற்றும். பிறகு, விண்டோஸ் கட்டளைகளை ஓட்டும் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் வழியாக ஃபைலை ஆர்க்கைவ் ஃபோல்டருக்கு நகர்த்தும். கடைசியில் அதன் நிலையை 'முடிந்தது' என்று மாற்றும். எல்லாம் ஒரே டிரான்சாக்ஷனுக்குள், அதாவது நடந்தால் எல்லாம் நடக்க வேண்டும், இல்லையென்றால் ரோல்பேக் ஆகி எதுவும் நடக்காததுபோல் ஆக வேண்டும். என் கணினியில் ஓடியது, சர்வரில் 'ஆக்சஸ் டினைடு' என்கிறது. அப்ளிகேஷன் லாகினுக்கு சிஸ்அட்மின் (முழு நிர்வாக உரிமை) கொடுத்துப் பார்த்தேன், அப்போதும் அதேதான். டேட்டாபேஸுக்குள்ளிருந்தே ஃபைலைத் தொடும் மற்ற வழிகளான ஓஎல்இ ஆட்டோமேஷனுக்கு மாறலாமா, சிஎல்ஆரில் (டாட்நெட் மொழியில்) எழுதலாமா? டேட்டாபேஸுக்குள்ளிருந்து ஃபைலைத் தொடுவதே தப்பு என்கிறார் டீம் லீட். ஏன் என்று கேட்டால் 'செக்யூரிட்டி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எழுதிய கோடிங்கை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

சிஸ்அட்மின் லாகின் எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லைக் கூப்பிட்டால் அந்தக் கட்டளை எஸ்க்யூஎல் சர்வரின் சர்வீஸ் அக்கவுண்ட் (அந்த மென்பொருள் ஓடும் விண்டோஸ் கணக்கு) பெயரில், சர்வர் இருக்கும் கணினியில் ஓடும். நீங்கள் எழுதிய சி டிரைவ் சர்வரின் சி டிரைவ். ஃபோல்டர் அனுமதி அந்த அக்கவுண்டுக்கு வேண்டும், உங்களுக்கு அல்ல. அவ்வளவுதான் விஷயம். ஆனால் சிஸ்அட்மின் கொடுத்தீர்களே, அதை இன்றே பிடுங்குங்கள். பூட்டு திறக்கவில்லை என்று வீட்டையே எழுதிக் கொடுப்பார்களா யாராவது? அதுவும் கொடுத்துப் பார்த்து, பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் அப்படியே விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் லீட் சொல்வது தப்பில்லை. 2002இல் பரவிய ஸ்பைடா என்ற வோர்ம் (தானே பரவும் தீய புரோகிராம்), பாஸ்வேர்டு வைக்காத எஸ்ஏ (தலைமை நிர்வாகி) லாகின் வழியாக நுழைந்து இதே எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லைத்தான் பயன்படுத்திக்கொண்டது. 2005 பதிப்பிலிருந்து அது அணைத்தே வைக்கப்பட்டு வருகிறது. ஆனால் செக்யூரிட்டி பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை. நானே கொஞ்ச நாளாக அதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

கோடிங்கைப் பார்த்தேன். பிகின் டிரான் (டிரான்சாக்ஷன் தொடக்கம்), பல்க் இன்சர்ட், மூவ், அப்டேட், கமிட் (மாற்றங்களை நிலைப்படுத்துவது). சுற்றிலும் டிரை, கேட்ச் (பிழை வந்தால் பிடிக்கும் பகுதி). கேட்சுக்குள் ரோல்பேக். அழகாக எழுதியிருக்கிறீர்கள், நிஜமாகவே. இப்போது அந்த அப்டேட் டெட்லாக்கில் (இரண்டு டிரான்சாக்ஷன்கள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை) மாட்டி 1205 பிழையோடு விழுகிறது என்று வையுங்கள். ரோல்பேக் ஆகிறது. ஏற்றிய வரிசைகள் போய்விடும், நிலை 'காத்திருக்கிறது' என்றே இருக்கும். ஃபைல்? அது ஆர்க்கைவ் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். ரோல்பேக் என்பது டேட்டாபேஸ் தன் லாகில் (மாற்றங்களின் பதிவேடு) எழுதி வைத்ததைத் திருப்பிப் போடுவது. நீங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்த வேலை அந்த லாகில் இல்லவே இல்லை.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். மூவ் தோற்றுப்போனால் உங்கள் கேட்ச் பக்கமே எதுவும் வராது. எக்ஸ்பி_சிஎம்டிஷெல் ரிட்டர்ன் கோடு 1 என்று மட்டும் சொல்லும், நீங்கள் அதை ஒரு வேரியபிளில் கூடப் பிடிக்கவில்லை. ஆக ஃபைல் நகராமலே கமிட் ஆகும், அடுத்த முறை அதே ஃபைல் இரண்டாம் தடவை ஏறும். நெட்வொர்க் ஷேர் மெதுவாக இருந்தால் மூவ் முடியும்வரை டிரான்சாக்ஷன் திறந்தபடி டேபிளின் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது வேறு.

எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லை விட்டு ஓஎல்இ, சிஎல்ஆர் என்று போனால் தீருமா? தீராது. ஆரக்கிள் டேட்டாபேஸில் யூடிஎல்_ஃபைல் என்ற வசதியை வைத்து அழித்த ஃபைலும் ரோல்பேக்கில் திரும்பாது. மைஎஸ்க்யூஎல்லில் இன்டூ அவுட்ஃபைல் (முடிவை ஃபைலில் எழுதும் கட்டளை) என்று எழுதிவிட்டு ரோல்பேக் செய்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். முதல் முறை எழுதிய ஃபைல் அங்கேயே இருக்கும். இருக்கிற ஃபைலின் மேல் அது எழுதாது என்பதால் இரண்டாவது ஓட்டம் அதிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். விண்டோஸ் விஸ்டாவில் ஃபைல் சிஸ்டத்துக்கே டிரான்சாக்ஷன் கொண்டுவந்தார்கள். அதை நம்பி எழுத வேண்டாம், வேறு வழி பாருங்கள் என்று மைக்ரோசாஃப்டே இப்போது சொல்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் 2008இல் வந்த ஃபைல்ஸ்ட்ரீம் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஃபைல் டேட்டாபேஸின் சொந்தப் பொருள்.

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், ஓர் அலுவலகத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசி. டேபிளில் வரிசை வரிசையாக 'காத்திருக்கிறது', உள்வரும் ஃபோல்டர் காலி. புரொசீஜரில் பிழையே இல்லை என்றார்கள் ஒரு பக்கம். சர்வரில் யாரும் கை வைக்கவில்லை என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே உண்மை. கடைசியில் இரவு ஜாபை ஓட்டிய பையன் ஃபைல்களை அழித்துவிட்டான் என்று முடிவுகட்டி, எல்லார் முன்னாலும் அவனை நிற்க வைத்துக் கேட்டார்கள். அவன் செய்ததெல்லாம் ஜாப் விழுந்ததைப் பார்த்து மறுபடி ஓட்டியதுதான். ஃபைல்கள் ஆர்க்கைவில் பத்திரமாக இருந்தன. அங்கே போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, டேபிள்தான் 'இன்னும் ஏறவில்லை' என்று சொல்கிறதே! கிடைத்த பிறகும் அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சரி, என்ன செய்வது? புரொசீஜர் ஃபைலை ஏற்றட்டும். நகர்த்துவதற்குப் பதிலாக, 'இந்த ஃபைலை இங்கிருந்து அங்கே நகர்த்த வேண்டும்' என்று ஒரு டேபிளில் ஒரு வரிசை போடட்டும். அதே டிரான்சாக்ஷனில் நிலையும் மாறட்டும். விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழும், நின்றால் சேர்ந்து நிற்கும். கமிட் ஆனபின் வெளியில் ஒரு சின்ன புரோகிராம் அந்த டேபிளைப் படித்து நகர்த்தட்டும். பவர்ஷெல்லோ பைத்தானோ, எது கை வருகிறதோ அது. அந்தப் புரோகிராமின் லாகினுக்கு அந்த டேபிளும், புரோகிராமை ஓட்டும் அக்கவுண்டுக்கு அந்த இரண்டு ஃபோல்டர்களும் போதும்.

அந்தப் புரோகிராமும் நடுவில் சாகும். ஃபைலை நகர்த்திவிட்டு வரிசையில் குறிப்பதற்குள் மின்சாரம் போகலாம். அதனால் மறுபடி எழுந்ததும் முதலில் ஆர்க்கைவைப் பார்க்க வேண்டும். அங்கே ஃபைல் முழுசாக இருந்தால் வரிசையை மட்டும் முடித்துவிட வேண்டும். டிரைவ் மாறி டிரைவ் போகிறதென்றால் தற்காலிகப் பெயரில் நகலெடுத்து, முடிந்ததும் பெயரை மாற்றி, அப்புறம்தான் பழையதை அழிக்க வேண்டும். பாதி நகலை முழுசு என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. இரண்டு இடத்திலும் ஃபைல் இல்லையென்றால் கூச்சல் போட வேண்டும். அந்தக் கூச்சல் லாக் ஃபைலோடு நின்றுவிடாமல் ஒரு மனிதருக்குப் போய்ச் சேர வேண்டும், ஆர்க்கைவ் எங்கே இருக்கிறது என்ற முழுப் பாதையோடு.