பல தடங்கள் கூடும் நிலையத்தில் வழிகாட்டிப் பலகைகள்

திருநெல்வேலி சந்திப்பைப் போலப் பல திசைகளுக்குத் தடங்கள் பிரியும் நிலையத்தில், புதியவர் தடுமாறாதபடி பலகைகளை எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயணி எந்த இடத்தில் நின்று முடிவெடுக்க வேண்டுமோ, அந்த இடத்தில் அந்த முடிவுக்குத் தேவையான செய்தி மட்டும் இருக்க வேண்டும். இங்கிருந்து மதுரை, தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில் என நான்கு பக்கமும் தடங்கள் செல்கின்றன. மெட்ரோவில் ஒரு தடத்துக்கு நடைமேடை பெரும்பாலும் மாறாது. ரயில்வேயிலோ அது மாறக்கூடும் என்பதால், நிலையான பலகையில் நடைமேடை எண்ணையும் அம்புக்குறியையும் மட்டும் எழுதி, எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதை மின்னணுப் பலகைக்கு விட்டுவிடுவதே சரி. நடைமேம்பாலத்தில் ஒவ்வொரு படிக்கட்டின் தலைப்பிலும், நடப்பவரின் முகத்துக்கு நேராக, அந்த எண் மீண்டும் தெரிய வேண்டும். பக்கச் சுவரில் எழுதினால் கூட்டத்தில் மறைந்துபோகும்.

அந்த மின்னணுப் பலகையில் கடைசி ஊரின் பெயர் மட்டும் போதாது. அம்பாசமுத்திரம் செல்லும் முதியவருக்குச் 'செங்கோட்டை' என்ற பெயரோடு சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், தென்காசி என்று இடையூர்களும் தெரிந்தால்தான் நம்பிக்கை பிறக்கும். எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது.

தடத்துக்கு ஒரு நிறம் தருவதும் உதவும்; எடுத்துக்காட்டாக, சென்னை மெட்ரோவின் நீல, பச்சைத் தடங்கள் ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் சந்திக்கின்றன. ஆனால் நிறக்குருடு உள்ளவர்களுக்காக நிறத்தோடு எழுத்தோ எண்ணோ சேர்ந்தே வர வேண்டும். டோக்கியோவில் 2004 முதல் ஒவ்வொரு சுரங்க ரயில் நிலையத்துக்கும் தட எழுத்தும் எண்ணும் தரப்பட்டுள்ளன. வெளியேறும் வழிக்கான பலகைக்கு எந்தத் தடத்துக்கும் இல்லாத தனி நிறம் கொடுங்கள்.