மோட்டோகிராஸ் பயிற்சிக்கு எந்த மெஷின்? முதலில் புதுத் தவணையை நிறுத்துங்கள்

கேள்வி: வயது 29. இரண்டு வருடமாக 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் அமெச்சூர் மோட்டோகிராஸ் (மேடுபள்ள மண் பாதையில் பைக் பந்தயம்) ஓட்டுகிறேன். ஒரு மோட்டோ, அதாவது ஒரு பந்தயம், 15 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது, முன்கை கல் மாதிரி இறுகி பிரேக் லீவரையே பிடிக்க முடியவில்லை. வீட்டில் ஒரு ஸ்பின் பைக் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள்) இருக்கிறது. தவணையில் வாங்கியது, இன்னும் 6 மாதம் கட்ட வேண்டும். கிறீச்சென்று சத்தம் வருவதால் ஓட்டுவதை விட்டுவிட்டேன். இப்போது பெரிய திரை வைத்து மிதிக்கும் ஸ்மார்ட் பைக் ஒன்று வட்டியில்லாத் தவணையில் கிடைக்கிறது. அத்தை மகனும் தன் ட்ரெட்மில்லை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒன்றரை வருடம் ஓடியது. பணம் எதுவும் தர வேண்டாமாம், மீதி 14 தவணையை மட்டும் நான் கட்டினால் போதுமாம். வீட்டிலும் அவருக்கு உதவச் சொல்கிறார்கள். இரண்டையும் எடுத்தாலும் மாதத் தவணை ஐந்தும் நாலும் ஒன்பதுதான், மாதம் 10 மிஞ்சுகிறது, சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். எது சரியான மெஷின்? (கணக்கு சுலபமாக இருக்க, வருமானத்தை 100 என்று வைத்து எல்லாவற்றையும் எழுதி, வரவு செலவுப் பட்டியலையும் விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன்.)

பதில்: சிக்கனமாக இருங்கள், சேமியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரவு செலவை இவ்வளவு சுத்தமாக எழுதி அனுப்புகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் கடிதம் முழுக்கத் தேடினாலும் நீங்கள் வாங்கும் ஒரு பொருளுக்கு மொத்தம் எவ்வளவு தருகிறீர்கள் என்பது கண்ணில் படவில்லை. எல்லாமே 'மாதம் இவ்வளவு' என்றுதான் இருக்கிறது. கோளாறு அங்கேதான். மெஷின் தேர்வு அதற்கு அப்புறம்.

உங்கள் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வருமானம் 100. வீட்டுச் செலவு 48. மோட்டோகிராஸ் பைக் தவணை 18, போன் 4, ஸ்பின் பைக் 5, ஆகத் தவணை மட்டும் 27. டிராக் கட்டணம், பெட்ரோல், டயர், ஆயில் 15. மீதி 10. இதில் ஸ்மார்ட் பைக் 5, ட்ரெட்மில் 4 என்று கூட்டி ஒன்பது என்கிறீர்கள். அந்தத் திரையில் வகுப்புகள் ஓட மாதச் சந்தா 1.5 என்று நீங்களே இணைத்த விளம்பரத்தில் இருக்கிறதே, அது எங்கே போயிற்று? மொத்தம் 10.5. முதல் மாதமே துண்டு விழும்.

'வட்டியில்லா' என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தவணை விலை 120, ரொக்கமாகத் தந்தால் 110 என்று அதே விளம்பரம் சொல்கிறது. செயலாக்கக் கட்டணம் 2 தனி. 110-க்குக் கிடைக்கும் பொருளுக்கு 122 தருகிறீர்கள். 24 மாதத்தில் கடன் படிப்படியாகக் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 10, 11 சதவீத வட்டி. அதை வட்டி என்று எழுதவில்லை, அவ்வளவுதான். சந்தா 24 மாதத்துக்கு 36. ஆக 158, உங்கள் ஒன்றரை மாத வருமானத்துக்கும் மேல். இரண்டு வருடம் கழித்துச் சந்தாவை நிறுத்தினால் அந்தத் திரையில் பாதி வேலை செய்யாது. விற்கப் போனாலும் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். பயிற்சிக்கு ஆசிரியர் வேண்டும் என்றால் வேறு விஷயம். உங்களுக்கு வேண்டியது ஒரு கடிகாரமும் இதயத்துடிப்பு அளவும்தான். அதற்கு நெஞ்சில் கட்டும் பட்டை போதும். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் கைப்பிடியை இறுக்கும்போது தவறிப்போகும்.

அடுத்து அத்தை மகன். 14 தவணை, மாதம் 4. மொத்தம் 56. ஒன்றரை வருடம் ஓடிய அந்த மாடல் இன்று விற்பனைக்கு வந்தால் 35 கிடைக்கும் என்று நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். மீதி 21 யார் தலையில்? இலவசமாகத் தருகிறார் என்று வீட்டில் பேச்சு, ஆனால் அவருடைய நஷ்டம்தான் உங்கள் கைக்கு மாறுகிறது. கடன் அவர் பேரில், மெஷின் உங்கள் வீட்டில். ஒரு மாதம் நீங்கள் தாமதித்தால் அவருடைய கடன் மதிப்பெண் அடிவாங்கும். நீங்கள் அனுப்பிய பணத்தை அவர் வேறு அவசரத்துக்கு எடுத்துவிட்டால் வசூலுக்கு வருகிறவர்கள் மெஷின் எங்கே என்று கேட்பார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. அவருக்கு உதவ மனம் இருந்தால், திருப்பிக் கேட்காமல் 5 கொடுத்துவிடுங்கள், மெஷினை அவரே 35-க்கு விற்றுக் கடனை முன்கூட்டி அடைக்கட்டும். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். "எனக்கு ஓடுகிற மெஷின் பயன்படாது, மச்சான்" என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை.

ஏன் பயன்படாது? பெக்கில் (பைக்கில் கால் வைக்கும் கட்டையில்) நின்று, முழங்காலால் டேங்கைக் கவ்வி, இடுப்பை மடக்கி, முதுகால் தாங்கி, கையால் பிடித்து ஓட்டுகிற விளையாட்டு இது. மோட்டோ முழுக்க இதயம் உச்சத்தில் 90 சதவீதத்தை ஒட்டியே அடிக்கும். ட்ரெட்மில் மூச்சுக்கு நல்லதுதான், ஆனால் கைக்கும் முதுகுக்கும் அதில் வேலை இல்லை. விழுந்து அடிபட்ட முழங்காலுக்கு ஒவ்வொரு அடியும் ஒரு தட்டு. வீட்டு மெஷின்களில் கோளாறும் அதிலேதான் அதிகம். பெல்ட்டுக்கு அடியில் சிலிகான் ஆயில் விடாமல் ஓட்டினால் உரசல் கூடும், மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும், கடைசியில் கன்ட்ரோல் போர்டு போகும். குதிரைத்திறனை விளம்பரத்தில் உச்ச அளவில் போடுவார்கள். பார்க்க வேண்டியது தொடர்ந்து தாங்கும் திறன். எலிப்டிக்கல் (நின்றபடி காலை வட்டமாக ஓட்டும் மெஷின்) காயம் ஆறும் காலத்துக்குச் சரி, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஏர் பைக் நல்ல மெஷின். கையும் காலும் சேர்ந்து இயங்கும். விசிறிதான் எதிர்ப்பு. வேகத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு உழைக்க வேண்டும், அதனால் யாரும் அதில் ஏமாற்ற முடியாது. ஆனால் காலால் மிதிக்க உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

அந்த ஸ்பின் பைக்கின் கிறீச் சத்தத்துக்கு வருவோம். ஃப்ளைவீலை, அதாவது சுழலும் கனமான சக்கரத்தை, அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு காய்ந்தோ தேய்ந்தோ போயிருக்கும். குமிழைத் தளர்த்தி, சக்கரத்தின் விளிம்பில் துரு, அழுக்கு இருந்தால் துணியால் துடையுங்கள். துண்டு இன்னும் தடிமனாக இருந்தால் சில சொட்டு சிலிகான் ஆயில் ஊறவிடுங்கள். உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். புதுத் துண்டு ஒன்றும் பெரிய விலை இல்லை. இதைச் சரிசெய்யாமல் 158-க்கு இன்னொரு மிதிக்கும் பைக் வாங்கப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் ஒரு முறை எழுதி வைத்துப் படியுங்கள்.

புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமென்றால் ரோயிங் மெஷின் (துடுப்பு வலிப்பது போல உட்கார்ந்து இழுப்பது), அதிலும் காற்று எதிர்ப்பு வகை, அதிலும் பழையது. கால், இடுப்பு, முதுகு, கைப்பிடி எல்லாவற்றுக்கும் வேலை, குதிப்பு இல்லை. மோட்டார் இல்லை, சந்தா இல்லை. கான்செப்ட்2 நிறுவனத்து மெஷின் போன்றவை வருடக்கணக்கில் தாங்கும், உதிரி பாகம் கிடைக்கும், பழைய விலையும் பெரிதாக விழாது. 55-க்கு வாங்கியதை நன்றாக வைத்திருந்தால் மூன்று வருடம் கழித்து 40-க்காவது கொடுக்கலாம். மூன்று வருடத்துக்குச் செலவு 15. இடத்தை முதலில் அளந்துவிடுங்கள். மெஷின் 2.4 மீட்டர் நீளம், பின்னால் சாய்ந்து இழுக்க 2.7 மீட்டராவது வேண்டும். விசிறிச் சத்தம் உண்டு, விடியற்காலையில் கீழ்வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்க நேரலாம்.

பக்கத்தில் ரோயிங் மெஷின் உள்ள ஜிம் இருந்தால் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். முதுகு ஒத்துக்கொள்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். பலர் டேம்பரை (விசிறிக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) 10-இல் வைத்து இழுத்து இடுப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 10 என்றால் கடினமான பயிற்சி என்று அர்த்தமில்லை, கனமான படகு என்றுதான் அர்த்தம். 3-க்கும் 5-க்கும் நடுவில் வையுங்கள். கைப்பிடியை விரல்களால் கொக்கி போல மாட்டுங்கள், முறுக்கிப் பிடிக்காதீர்கள். பைக்கிலும் அதே முறுக்கல்தான் முன்கையை இறுக்குகிறது.

அந்த இறுக்கத்துக்கு மெஷின் மட்டும் மருந்தல்ல. காசு செலவில்லாத இரண்டு வேலையை முதலில் செய்யுங்கள். பெக்கில் நின்று லீவரில் விரல் வைத்தால் முன்கையும் மணிக்கட்டும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், இல்லையென்றால் லீவரைத் திருப்புங்கள். ஹெல்மெட், பூட்ஸ் என்று முழு உடுப்புடன் பைக்கில் நின்று பின் சஸ்பென்ஷன் சேக், அதாவது உங்கள் எடையில் அது எவ்வளவு இறங்குகிறது என்பதை, அளந்து பாருங்கள். பெரிய பைக்குகளில் 100 முதல் 105 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம், உங்கள் மாடலுக்கான அளவு கையேட்டில் இருக்கும். அது தவறி இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் கையில்தான் இறங்கும்.

பயிற்சி: 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உங்களுக்கு உச்சத் துடிப்பு சுமார் 188. வாரம் இரண்டு நாள் 45 நிமிடம், 125 முதல் 140 துடிப்பில், பேசிக்கொண்டே மிதிக்கும் வேகம். ஒரு நாள் 4 நிமிடம் 170-ஐ ஒட்டி, 3 நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை. நான்காவது வேகச் சுற்றின்போது இருக்கையை விட்டு எழுந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, கையில் எடை விழாமல் 30 விநாடி மிதியுங்கள். எதிர்ப்பு போதிய அளவு இருக்கட்டும், லேசாக வைத்து எழுந்தால் மிதி நழுவி முழங்கால் அடிபடும். பந்தயத்துக்கு முந்தின இரண்டு நாள் கடின இழுப்பு வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். மிஞ்சும் 10-இல் 4-ஐ எஞ்சினுக்கு ஒதுக்குங்கள். உங்கள் 15-இல் பிஸ்டன் மாற்றுவது இல்லை. கையேட்டில் சொன்ன மணிக்கணக்கு வந்ததும் பிஸ்டன், ரிங், பின், கேஸ்கெட் எல்லாம் ஒரே மாதத்தில் கேட்கும். உத்தேசமாகக் கூலியோடு 12 ஆகலாம். அந்த மாதம் கையில் இல்லையென்றால் 'அடுத்த ரேஸ் முடியட்டும்' என்று தள்ளுவீர்கள். பிஸ்டன் உடைந்து சிலிண்டர், ஹெட், கிராங்க் எல்லாம் போனால் 60, 70. தவணையால் வரும் உண்மையான நஷ்டம் இதுதான், வட்டி இல்லை.

மீதி 6-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். முதல் மூன்று மாதம் 18. அதோடு போன் தவணை முடிந்து மாதம் 10, அடுத்த மூன்று மாதம் 30. ஆக 48. ஏழாவது மாதம் ஸ்பின் பைக் தவணையும் தீர்ந்து 15 வரும், 63. 55 விலையுள்ள பழைய ரோயிங் மெஷினை ரொக்கமாக வாங்கலாம், 8 மிச்சம். அதற்குள் ஸ்பின் பைக்கில் வாரம் மூன்று நாள் என்று தொடர்ந்து எட்டு வாரம் ஓட்டியிருக்க வேண்டும். ஓட்டவில்லையென்றால் அந்த 63-ஐத் தொடாதீர்கள். தோள் எலும்பு உடைந்து வேலைக்குப் போகாத வாரங்களுக்கு அது உதவும். பல விபத்துக் காப்பீடுகள் மோட்டார் பந்தயத்தை விலக்கி வைத்திருக்கும், உங்கள் பாலிசியின் விலக்குப் பக்கத்தை இந்த வாரமே படியுங்கள்.

பழைய ரோயிங் மெஷின் வாங்கப் போகும் நாளில்: கைப்பிடியை முழு நீளத்துக்கு இழுத்து மெதுவாக விடுங்கள். கடைசி வரை தானாக உள்ளே போகவில்லையென்றால் உள்ளே இருக்கும் ரப்பர் கயிறு தளர்ந்துவிட்டது, சரிசெய்யக்கூடியது, விலையில் குறையுங்கள். இருக்கையை முன்னும் பின்னும் ஓட்டி, டக்டக் என்று தட்டுகிறதா பாருங்கள். தட்டினால் உருளை தட்டையாகியிருக்கிறது. இருக்கை ஓடும் தண்டில் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் வேறு மெஷின் பாருங்கள். செயின் துருப்பிடித்திருந்தால் ஆயில் காணாத மெஷின் அது. 50 மணி நேரத்துக்கு ஒரு முறை துணியில் ஆயில் தொட்டுத் துடைக்க வேண்டும், உங்கள் வேகத்தில் ஐந்தாறு மாதத்துக்கு ஒரு முறை வரும். மானிட்டரில் மொத்த மீட்டர் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி இல்லை, வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள் என்று விற்பவர் சொன்னால், பேட்டரியை நீங்களே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.