"அது வேற விஷயம்"

அன்புள்ள மேடம்,

எனக்கு 47 வயது. மதுரையில் முனிச்சாலைப் பக்கம் வீடு. கணவர் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். ஒரே மகன், இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். நான்கு வருடமாகச் சுங்குடிச் சேலை செய்து விற்கிறேன். விளக்குத்தூண் பக்கம் கடைக்குக் கடை தொங்குகிற மெழுகு அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட் சேலை இல்லை. துணியைக் கிள்ளி, நூல் சுற்றி, ஒவ்வொரு புள்ளியாகக் கையால் கட்டிச் சாயத்தில் முக்குகிற பழைய சுங்குடி. ஒரு சேலைக்கு 5,000 முடிச்சு. தினமும் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் பன்னிரண்டு நாள் ஆகும். டிசைன் முழுக்க என்னுடையது. தெப்பக்குளத்து மைய மண்டபத்தை முந்தியில் வெறும் புள்ளியாலேயே கொண்டுவந்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் அசந்து போனார்கள், என் வீட்டு ஆட்களைத் தவிர.

என் வேதனையே வீடுதான் மேடம். கணவர் இதைத் தொழில் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "பொழுது போகுதுல்ல, செஞ்சுட்டுப் போ" என்பார். சாயங்காலம் கஸ்டமர் போன் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். ஒருநாள் சிரித்துக்கொண்டே, "எல்லாம் போக கையில என்னதான் நிக்குது?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் நெஞ்சில் குத்துகிறது. நாத்தனார் தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு, "சின்னாளப்பட்டியில 700 ரூபாய்க்குக் கிடைக்குதே அண்ணி" என்று சொல்லி ஆயிரம் ரூபாயைத் திணித்துவிட்டுப் போனாள். மகனோ நண்பர்கள் முன்னால், "எங்கம்மா இப்ப இன்ஸ்டாகிராம்ல இறங்கிட்டாங்க" என்று கேலி பேசுகிறான். எல்லோர் பேச்சுக்கும் உள்ளே ஒன்றுதான் இருக்கிறது. இந்த வயசுல இதெல்லாம் தேவையா?

நான் கணக்குத் தெரியாதவள் இல்லை. துணி 700, சாயப்பட்டறைக்கு 350, அலசிக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்ய 80, பேக்கிங்கும் கூரியரும் 120. ஆக 1,250. சேலையை 2,400-க்கு விற்கிறேன். ஒவ்வொன்றிலும் 1,150 நிற்கிறது. போன மாதம் மகனின் செமஸ்டர் ஃபீஸில் 8,000 ரூபாயை நானே கொடுத்தேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. கணவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லை மேடம், ஒரே ஒரு வார்த்தை இல்லை. அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

சென்னையில் ஒருவர் புள்ளியெல்லாம் கலங்கியிருக்கிறது என்று சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கும் வீட்டில் கேலி. முடிச்சுப் போட்டுத் தருகிற அக்காவுக்கு இப்போது கண்ணில் புரை, அதனால் இருக்கலாம். கிருஷ்ணராயர் தெப்பக்குளம் தெருவில் இருக்கிறார், 63 வயது, சௌராஷ்டிரக் குடும்பம். எனக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சேலைக்கு 1,200 பேச்சு, மூணு மாசமாகக் கட்டிய ஏழு சேலைக்குக் கூலி பாக்கி நிற்கிறது. வாய் திறந்து கேட்கவே மாட்டார், தங்கமான மனுஷி. அது வேற விஷயம், பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கோயம்புத்தூர் பொட்டிக் ஒன்று தீபாவளிக்குப் பத்துச் சேலை கேட்கிறது, சேலை 2,200 ரேட்டில். இரண்டு மாதம்தான் இருக்கிறது. கணவர் "வேணாம், விடு" என்கிறார். நான் செய்து காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். 45 தாண்டியவளுக்கு லோன் கிடைக்குமா? இந்த வீட்டில் என் உழைப்பை மதிக்க வைக்க நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கணவர் திரும்பத் திரும்ப வருகிறார். நாத்தனார் வருகிறார், மகன் வருகிறான். அக்கா ஒரே ஒரு பத்தியில் வருகிறார், அதுவும் "அது வேற விஷயம்" என்று முடிகிற பத்தியில். மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அந்த வரியைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணி, சாயம், இஸ்திரி, கூரியர் என்று நீங்கள் எழுதிய கணக்கில் முடிச்சுக் கூலி இல்லை. கூரியருக்குக் கொடுக்கும் 120 இருக்கிறது, 5,000 முடிச்சுக்கான 1,200 இல்லை. அதைச் சேர்த்தால் ஒரு சேலையின் அடக்கம் 2,450. நீங்கள் 2,400-க்கு விற்கிறீர்கள். ஒவ்வொரு சேலையிலும் 50 ரூபாய் கையை விட்டுப் போகிறது, உங்கள் வேலைக்கு ஒரு பைசாகூடப் போடாமலேயே. ஏழு சேலைக்கு நீங்கள் "நிற்கிறது" என்று வைத்திருக்கும் தொகை 8,050. அக்காவுக்குத் தர வேண்டிய பாக்கி 8,400. மகனின் ஃபீஸுக்கு நீங்கள் கொடுத்த 8,000 எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. இது நீங்கள் கண்டுபிடித்த கணக்கும் இல்லை. இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண்ணின் கை தானாகப் போடுகிற கணக்கு. வீட்டில் அரிசிக்கு விலை உண்டு, கேஸுக்கு விலை உண்டு, மாவாட்டுகிற கைக்கு விலை கிடையாது. மாசக் கடைசியில் துண்டு விழுந்தால் நம் பங்கைக் குறைத்து ஒப்பேற்றிவிடுவோம். அது வீட்டுக்குள் சாமர்த்தியம். அதே கணக்கோடு நீங்கள் தொழிலுக்கு வந்தீர்கள். முதலில் உங்கள் கைக்குப் பூஜ்யம் போட்டீர்கள், பிறகு அக்கா "என் மனுஷி" ஆனதும் அவர் கைக்கும் பூஜ்யம் விழுந்துவிட்டது. சாயப்பட்டறைக்காரருக்கு நீங்கள் பாக்கி வைக்கவில்லை பாருங்கள். அவர் கேட்பார்.

உங்கள் கணவர் "பொழுது போகுதுல்ல" என்று சொல்வதும் இதே கணக்குதான். உங்களை அது எவ்வளவு காயப்படுத்துகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதமாகக் கூலி வராத வேலைக்காக, புரை விழுந்த கண்ணோடு ஒருவர் தினமும் நாலு மணி நேரம் உட்காருகிறார். அந்த வீட்டிலும் யாராவது, "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?" என்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே அவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் போக என்ன நிக்குது?" என்று உங்கள் கணவர் சிரித்தது தப்பு. கேள்வி தப்பில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி இயல்பாக வரும், தொழில் நடத்துகிறவருக்கும் வந்திருக்க வேண்டும். அன்றே நீங்கள் நோட்டை எடுத்திருந்தால் இந்தப் பாக்கி இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது. அவமானம் முன்னால் வந்து நின்றதால் கேள்வி காதில் விழவில்லை.

அப்படியானால் விலையை ஏன் ஏற்றவில்லை? தெரியாமல் இல்லை என்று நினைக்கிறேன். உள்ளதைச் சொல்லும் விலை போட்டு, ஒருவரும் வாங்காமல் போய்விட்டால், வீட்டில் எல்லோரும் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். 2,400 போட்டால் விற்றுக்கொண்டே இருக்கும், அந்தப் பயத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பயத்துக்கு ஆகிற செலவை இப்போது அக்காதான் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியபோது, அரசு வேலையில் ஓய்வு பெற்றிருந்தார், வயது 58. உங்களுக்கு 47. வயதை இங்கே நிறுத்திவிடுவோம். அக்காவின் புரைக்கும் அதே இடத்தில் இலவசப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் கூலியைக் கொடுத்த பிறகு போங்கள். கூலிக்குப் பதிலாக உதவி செய்தால் அவருக்கு மறுக்கவும் முடியாது, கேட்கவும் முடியாது.

கோயம்புத்தூர் ஆர்டரை எடுக்காதீர்கள். பத்துச் சேலைக்குப் பன்னிரண்டு நாள் வீதம் 120 நாள், உங்களிடம் இருப்பது 60 நாளும் ஒரு ஜோடிக் கையும். 2,200 ரேட்டில் சேலைக்கு 250 வீதம் மொத்தம் 2,500 நஷ்டம். அதைவிடப் பெரிய சேதம் முடிச்சில் வரும். அவசரத்தில் நூலைத் தளர்வாகச் சுற்றினால் சாயம் கட்டுக்குள் இறங்கிவிடும், வெள்ளைப் புள்ளி மங்கிக் கலங்கிப்போகும். சென்னையிலிருந்து திரும்பி வந்த சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளியின் நடுவிலேயே நிறம் ஏறியிருந்தால் கட்டு தளர்வு. நடு வெள்ளையாக இருந்து ஓரம் மட்டும் கசிந்திருந்தால் துணி முழுசாகக் காய்வதற்கு முன் முடிச்சைப் பிரித்திருக்கிறீர்கள், மடிப்புக்குள் தங்கிய சாயத் தண்ணீர் வெளியே வந்திருக்கிறது. முதலாவது என்றால் அக்காவுக்கு ஓய்வும் நல்ல வெளிச்சமும் தேவை. இரண்டாவது என்றால் தவறு உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது, அக்காவின் கண்ணில் இல்லை. பார்க்காமலே புரையின் மேல் போட்டுவிட்டீர்கள்.

பொட்டிக்காரரிடம், "இரண்டு மாதத்தில் மூன்று சேலை தர முடியும், விலை 3,700, பாதிப் பணம் முன்பணம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த 3,700 எப்படி வந்தது என்றால், அக்காவின் கூலியை 1,800 ஆக்குங்கள். இப்போதுள்ள 1,200-ஐ 48 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 25 ரூபாய்தான், அந்தக் கைக்கு அது நியாயமே இல்லை. மற்றச் செலவு 1,250 சேர்த்து 3,050. டிசைன், துணியில் புள்ளிக்குக் குறி போடுவது, முடிச்சைப் பிரிப்பது, பேக்கிங் என்று நீங்கள் செய்யும் வேலைக்கு 500. கலங்கிப்போவது, திரும்பி வருவது ஆகியவற்றுக்கு 150. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். 700 ரூபாய்ச் சேலை தேடுகிறவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, அவருக்குச் சின்னாளப்பட்டியில் நல்ல சேலை இருக்கிறது. சேலை விலை தாங்காதவர்களுக்கு 1,200 முடிச்சில் இரண்டரை மீட்டர் துப்பட்டா செய்யலாம், மூன்று நாளில் கட்டி முடியும், பணமும் சீக்கிரம் புரளும். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பெயரை அது காக்கும். கூலியை விலைச்சீட்டு எழுதுகிறவர்தான் காக்க வேண்டும்.

லோன் கிடைக்கும். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிறு தொகைக்கான சிசு பிரிவில் 50,000 வரை ஈடு இல்லாமல் தருகிறார்கள், 45 தாண்டியது தடை இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 18 நிறைந்திருக்க வேண்டும், மேல் வரம்பு கிடையாது. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமுக்குக் கட்டணமே இல்லை, பணம் கேட்டால் அவர் புரோக்கர். ஆனால் இப்போது லோன் வாங்காதீர்கள். நஷ்ட விலையில் பத்துச் சேலைக்குப் பதில் ஐம்பது சேலை விற்கத்தான் அந்தப் பணம் உதவும். புது விலையில் ஆறு மாதம் ஓடட்டும்.

இனி அக்கா. 8,400-ஐயும் மொத்தமாக எடுத்துக்கொண்டு போங்கள். கையில் இல்லையென்றால் கட்டி முடித்து வைத்திருக்கும் சேலைகளை விற்று, முதல் பணத்தை அங்கே கொண்டு போங்கள். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், சேலை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். நோட்டைத் திறந்து ஏழு சேலையையும் காட்டி, எண்ணிக் கொடுத்து, "தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்று சொல்லுங்கள். "அதனால என்னம்மா" என்பார். அங்கே நிறுத்திவிடாமல் புதுக் கூலியைச் சொல்லுங்கள், துணி கொடுக்கும்போது பாதி, கட்டி வாங்கும்போது பாதி என்று. இத்தனை நாள் அவர் கட்டிய சேலையை விரித்து, இரண்டு கையாலும் குறுக்கே இழுக்கும்போது நூல் படபடவென்று தெறித்து 5,000 புள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் திறக்குமே, அந்த நேரம் அவரையும் கூட உட்காரவையுங்கள். புள்ளி எங்கே கலங்கியிருக்கிறது, ஏன் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும்.

கணவரிடம் பேசுவது இதற்கெல்லாம் பிறகு. டிவி ஓடாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். போன மாதம் கொடுத்த 8,000 லாபம் இல்லை, அக்காவின் கூலி என்று முதலில் நீங்களே சொல்லுங்கள். அதைச் சொல்வதுதான் கஷ்டம், மற்றது சுலபம். பிறகு புது அடக்கக் கணக்கை அவர் முன் வைத்து, "சரிபார்த்துக் கொடுங்க" என்று கேளுங்கள். 700 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று அவரும் சொன்னால் வாதம் செய்ய வேண்டாம். நோட்டில் 48 மணி நேரம் என்று எழுதியிருக்கும் வரியில் விரலை வையுங்கள்.