லாட்டரி எண்ணைக் கணக்குப் போட்டுப் பிடிக்க முடியுமா?

முடியாது. 'அடிக்கடி வந்த எண்', 'ரொம்ப நாளாக வராத எண்' என்று பழைய முடிவுகளை அலசுவது வீண். பாம்பனில் என் மாமா, மீன் கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்கப் பரிசு எண்களின் கடைசி மூன்று இலக்கங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். தாளில் செதில் ஒட்டியிருக்கும். கடலுக்குக் காற்று, நீரோட்டம், அமாவாசை என்று ஒரு போக்கு உண்டு. அங்கே அவர் கணிப்பு பலிக்கும். குலுக்கலுக்கோ நேற்று வந்தது நினைவிருக்காது. 000 முதல் 999 வரை எதற்கும் ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். 49-இல் 6 எண் எடுக்கும் ஆட்டமென்றால் 1,39,83,816-இல் ஒன்று.

பலரும் பிறந்த தேதியை எடுப்பதால், 31-ஐவிடப் பெரிய எண்களை எடுத்தால் பரிசைப் பங்குபோட ஆள் குறையலாம். விழும் வாய்ப்பு அதிகமாகாது.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. மூன்று நம்பர் சீட்டு விற்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். மாமாவின் படகுப் பங்கு அப்படித்தான் கைவிட்டுப் போனது.