பிரிட்டிஷ் ராக் இசைக்குழு கிங் கிரிம்சனின் ஆரம்பகால ஆல்பங்களுக்கு 50 வயது கடந்துவிட்டது. திரும்பக் கேட்க எந்தப் பதிப்பை எடுப்பது?

பொன்விழாப் பதிப்பு என்று அட்டையில் போட்டிருந்தால் போதாது, உள்ளே இருப்பது ரீமாஸ்டரா ரீமிக்ஸா என்று பாருங்கள். அன்றைக்கு முடித்துவைத்த ஸ்டீரியோ டேப்பையே சுத்தம் செய்து தருவது ரீமாஸ்டர். டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் தனித்தனியாகப் பதிவான டேப்புகளுக்கே திரும்பிப் போய், எது முன்னால் எது பின்னால் என்று புதிதாக முடிவு செய்வது ரீமிக்ஸ். நம் சினிமாப் பாட்டு ரீமிக்ஸ் மாதிரி புது பீட் எதுவும் சேராது. ஆனாலும் கேட்பது வேறு ஆல்பம்தான்.

முதல் ஆல்பம் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' (அக்டோபர் 1969) இதற்கு நல்ல உதாரணம். அன்றைய பதிவு டேப்பில் எட்டே டிராக், அதாவது எட்டே ஒலித்தடம். இடம் தீர்ந்ததும் பல டிராக்குகளை ஒன்றாகச் சேர்த்து நகலெடுத்து, மிச்ச இடத்தில் மெல்லோட்ரானை (டேப்பில் பதிந்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) அடுக்கினார்கள். ஒவ்வொரு நகலுக்கும் டேப் இரைச்சல் ஏறும், டிரம்ஸ் மங்கும். 2009-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் நகலுக்கு முந்தைய டேப்புகளிலிருந்து மிக்ஸ் செய்ததால் டிரம்மர் மைக்கேல் ஜைல்ஸின் சிம்பல் ஓசை பளிச்சென்று வருகிறது. ஆனால் அந்த மிக்ஸில் 'மூன்சைல்ட்' வெட்டப்பட்டிருக்கிறது. 12 நிமிடத்துக்குமேல் ஓடும் பாட்டில், பின்பாதியில் முன்திட்டமின்றி வாசிக்கும் இம்ப்ரோவைசேஷனில் சில நிமிடங்களைக் காணோம். அதனால் முதலில் 2004 ரீமாஸ்டர், பிறகு 2009. அந்த ரீமாஸ்டர், காணாமல் போயிருந்த முதல் தலைமுறை மாஸ்டர் டேப் கிடைத்தபின் வந்தது. அதற்கு முந்தைய சிடிக்கள் நகலின் நகல். அவற்றை வைத்து ஆல்பத்தை எடைபோட வேண்டாம்.

'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' (மார்ச் 1973) கேட்கும்போது பலரும் செய்யும் தவறு வால்யூம். தொடக்கத்தில் தாளவாத்தியக்காரர் ஜேமி மியூரின் கட்டைவிரல் பியானோ (விரலால் மீட்டும் சிறு ஆப்பிரிக்க வாத்தியம்) காதில் விழுகிறதா இல்லையா என்ற அளவில் இருக்கும். அதற்காக ஏற்றி வைத்தால் நான்காவது நிமிட வாக்கில் ராபர்ட் ஃபிரிப்பின் கிதார் வந்து அறையும். அந்த இடத்துக்கு முதலில் போய் வால்யூமை வைத்துவிட்டு, பிறகு ஆரம்பத்துக்கு வாருங்கள். செயலியில் கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) ஒலியைச் சமப்படுத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். 'த டாக்கிங் டிரம்' ஏறி ஏறி ஓர் அலறலில் முடிந்து, இடைவெளியே இல்லாமல் அடுத்ததில் விழ வேண்டும். கிராஸ்ஃபேட் இருந்தால் அந்த விழுகை குழைந்துபோகும்.

'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' (மார்ச் 1974) ஸ்டூடியோ ஆல்பம் போலத் தெரிந்தாலும் பெரும்பகுதி மேடைப் பதிவு, கைதட்டலை நீக்கியது. முக்கிய மூலம் 1973 நவம்பர் 23 ஆம்ஸ்டர்டாம் கச்சேரி. அது 1997-இல் 'த நைட் வாட்ச்' என்று தனியாக வந்தது. இரண்டிலும் 'ஃபிராக்சர்' கேட்டுப் பாருங்கள், வாசிப்பு ஒன்றே. அதே ஆல்பத்தின் 'ட்ரியோ'வில் டிரம்மர் பில் புருஃபோர்ட் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. அப்படிச் சும்மா இருந்ததற்காகவே இசையமைப்பில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். மிகச் சரியான முடிவு அது.

பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலி அளவு சமமாக இருக்கட்டும். சற்றே சத்தமாக இருப்பது எப்போதும் மேலானதாகத்தான் தோன்றும். போனில் டெசிபல் மீட்டர் செயலி போட்டு, ஒரே 30 நொடிப் பகுதியை இரண்டு பதிப்பிலும் ஓட்டி, அளவு ஒன்றாகும்வரை திருத்துங்கள்.

'ரெட்' (அக்டோபர் 1974) ஆல்பத்துக்கு இந்தச் சிரமமே வேண்டாம். 2009-இல் வில்சன் அதற்கு 5.1 (பல ஸ்பீக்கர்களில் சுற்றி ஒலிக்கும் சரவுண்ட்) மிக்ஸ் மட்டும்தான் செய்தார். ஸ்டீரியோவில் பழைய மிக்ஸே வந்தது. புது ஸ்டீரியோ மிக்ஸ் 2013-இல் வந்த பல டிஸ்க் பெட்டித் தொகுப்பில்தான் சேர்ந்தது. பழையதையே எடுங்கள். 'ஸ்டார்லெஸ்' நடுப்பகுதியில் பேஸ் 13 எண்ணிக்கையில் சுற்ற, ஃபிரிப் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி, மெல்ல மெல்ல மேலே ஏற்றுவார். அங்கே ஜான் வெட்டனின் பேஸ் உறுமல் முன்னால் நிற்க வேண்டும், பழைய மிக்ஸில் நிற்கிறது.