ரமலானுக்கு ஆறு வாரம் இருக்கையில்

கேள்வி: இந்த ஆண்டுதான் முதன்முறையாக ரமலான் மாத வீட்டுப் பொறுப்பு முழுவதும் என் கைக்கு வந்துள்ளது. நோன்பு தொடங்க ஆறு வாரங்கள் இருக்கின்றன. மாமியாருக்கு நீரிழிவு உண்டு. ஆனாலும் நோன்பை விடமாட்டேன் என்கிறார். கணவருக்கு ஒரு நாளில் ஐந்தாறு முறை தேநீர் வேண்டும். ஒன்பது வயது மகள் தானும் நோன்பு வைப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். என்னென்ன பொருட்களை வாங்கி வைக்க வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் வீட்டிலுள்ள எல்லோரும் இருக்கிறார்கள், சகோதரி, நீங்கள் மட்டும் இல்லை. ஆகவே உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். மாதவிடாயினாலோ பிரசவத்தினாலோ சென்ற ரமலானில் விடுபட்ட நோன்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அவற்றைக் களாச் செய்ய (பின்னர் நோற்று ஈடுசெய்ய) இந்த ஆறு வாரங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தமக்கு விடுபட்ட நோன்புகளை ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தில்தான் நிறைவேற்ற முடிந்தது என்று நபியின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இருக்கிறது. எனவே தாமதமாகிவிட்டதே என்று மனம் உடையத் தேவையில்லை. தக்க காரணமின்றி அடுத்த ரமலான் வரை தள்ளிப்போட்டால், ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டப்பிரிவின்படி களாவோடு ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவும் சேர்ந்துவிடும். ஹனஃபி மத்ஹபின்படி களா மட்டும் போதும்.

மாமியாரின் விஷயத்தில் ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும் வெறும் வயிற்றில் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடக்கூடியவை என்பதால், எந்த மருந்தை எந்த அளவில் இஃப்தாருக்கு (நோன்பு திறக்கும் வேளைக்கு) மாற்றுவது, எதைச் சஹரில் (விடியலுக்கு முந்தைய உணவு வேளையில்) குறைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் நாமாக மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது பெரும் தவறு. விரலில் குத்திச் சர்க்கரையைச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதை அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், ஏனெனில் அந்த அச்சத்தினாலேயே பகலில் சோதிக்காமல் இருந்துவிடுபவர்கள் பலர். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ, நோன்பு திறக்கும் மஃரிப் (அந்தித் தொழுகை) நேரத்துக்குப் பத்து நிமிடமே மீதமிருந்தாலும், நோன்பை விட்டுவிட வேண்டும். நோன்பே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், நோயாளிக்குச் சலுகை தரும் குர்ஆன் வசனம் (2:184) நோன்பைக் கடமையாக்கும் வசனத்துக்கு அடுத்ததாகவே இருக்கிறது என்பதை நினைவூட்டுங்கள். மருமகள் சொல்வதைவிட, இமாமோ மார்க்கம் கற்ற ஆலிமாவோ சொன்னால் அவர் மனம் எளிதில் ஏற்கும்.

கணவரின் தேநீரை இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நாளுக்கு ஒரு கோப்பைக்குக் கொண்டுவாருங்கள். முதல் நோன்பன்று பிற்பகலில் வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் பசியைவிடக் காஃபீன் திடீரென நின்றதே காரணம்.

இனி சமையலறை. நீங்கள் முதலில் கேட்ட பொருட்களின் பட்டியல் வழக்கமான மாதத்தின் பட்டியலைவிட நீளமாக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வேளைதானே உண்ணப்போகிறோம்! பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு உணவுக்கு உட்காரும் பழக்கம் வந்துவிட்டால், அந்தி நேரத்தில் பல பதார்த்தங்களோடு போராடும் நிலை உங்களுக்கு இராது. சஹரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்து வந்த அசதியில் பாத்திரங்களைக் கழுவாமல் உறங்கிவிட்டு, விழித்தபின் அவற்றோடு மல்லுக்கட்டி, தண்ணீர்க் குவளையை வாயருகே கொண்டுபோகும்போது ஃபஜ்ருடைய (அதிகாலைத் தொழுகையின்) பாங்கைக் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. அன்று முதல், பாத்திரம் கழுவுவதும் சஹருக்குத் தட்டுகளை எடுத்து வைப்பதும் எங்கள் வீட்டு ஆண்களின் பொறுப்பு. நீங்களும் இந்தப் பங்கீட்டைப் பிறை தெரியும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நோன்பு தொடங்கிய பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

மகளுக்குப் பருவமடையும் வரை நோன்பு கடமையில்லை. ஆனாலும் அவள் ஆசையைத் தடுக்காதீர்கள். முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா நோன்பின்போது நபித்தோழியர் தங்கள் சிறுவர்களையும் நோன்பு நோற்கச் செய்து, பசியால் அழும் பிள்ளைக்குக் கம்பளியில் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை ஆற்றிவைத்ததாக ஹதீஸில் வருகிறது. முதல் வாரத்தில் லுஹர் (நண்பகல் தொழுகை) வரை, விடுமுறை நாளில் முழு நோன்பு என்று பழக்குங்கள். இடையில் சோர்ந்துபோனால் தயங்காமல் உணவைக் கொடுத்துவிட்டு, மாலையில் இஃப்தார் விரிப்பில் மற்றவர்களோடு அவளுக்கும் ஒரு பேரீச்சம்பழம் வையுங்கள்.